கேதார்நாத் நடைப்பயணம்: பதிவு செய்வது முதல் இறங்கி வருவது வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாகக் கேதார்நாத் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பழக்கத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அங்கே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நாள் போதாமல் வருகிறவை. ஐந்தாறு நாள் வேலையை மூன்று நாளில் திணிப்பதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்ட உடம்போடு உயரத்துக்குப் போவதால் தலைவலி வருகிறது, தலைவலியோடு வரிசையில் நிற்பதால் சாமியைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோயில் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் நடை திறந்து, தீபாவளிக்கு அடுத்து வரும் பாய் தூஜ் நாளில் சாத்துவார்கள். 2025-ல் மே 2 அன்று திறந்து அக்டோபர் 23 அன்று சாத்தினார்கள். திறக்கும் தேதியை மகாசிவராத்திரி அன்று ஊக்கிமட் ஓம்காரேஸ்வர் கோயிலில் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வரும்வரை எந்த டிக்கெட்டும் போட வேண்டாம்.

நான் சொல்லும் காலம் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை. மழை ஓய்ந்து வானம் துலங்கியிருக்கும், கூட்டமும் குறைவு. இரவுக் குளிர் கடுமைதான், ஆனால் குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்ளலாம்; மண் சரிவுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைக் கட்டாயம் தவிருங்கள். மழையில் பாதை அடைபடுவதும் மேலிருந்து கல் உருண்டு வருவதும் அப்போது சாதாரணம். 2024 ஜூலை 31 இரவு பெய்த பெருமழையில் நடைபாதை பல இடங்களில் பெயர்ந்து போனது.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் மே மாதம்தான் முடியும் என்றால், நடை திறந்த முதல் இரண்டு வாரத்தை விட்டுவிட்டுப் போங்கள். அந்த நாட்களில் பாதையோரம் பனி கிடக்கும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும், அறை வாடகையும் எகிறும்.

2. நாள் கணக்கு: ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷ் வரை ஆறு நாள்

முதல் நாள் ரிஷிகேஷிலிருந்து குப்தகாசி அல்லது சீதாபூர். இரண்டாம் நாள் ஓய்வு. மூன்றாம் நாள் ஏற்றம், இரவு மேலே தங்கல். நான்காம் நாள் காலையில் தரிசனம், அப்புறம் இறக்கம். ஐந்தாம் நாள் ரிஷிகேஷ் திரும்புதல். ஆறாம் நாள் எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள்.

ஓய்வு நாளை வீண் என்று நினைத்து வெட்டுகிறவர்கள்தான் அதிகம். நடை தொடங்கும் கௌரிகுண்ட் ஏறக்குறைய 1,980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயில் 3,583 மீட்டரில். ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறி அங்கேயே படுக்கிறோம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டர் அளவில்தான் கூட்ட வேண்டும் என்பது மலையேற்ற மருத்துவத்தில் பொது விதி. கேதாரத்தில் அந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்க வழியில்லை. ஆனால் ரயில் அலுப்பும் வளைவுச் சாலையின் வாந்தியும் தீர்ந்த உடம்போடு ஏறத் தொடங்கலாம். ஓய்வு நாளில், நம் வண்டி போகும் கடைசி இடமான சோன்பிரயாகிலிருந்து 12 கிலோமீட்டரில் உள்ள திரியுகி நாராயணன் கோயிலுக்குப் போய்வாருங்கள். அதுவும் கௌரிகுண்ட் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு பகல் அங்கே நடமாடினால் உடம்புக்கு நல்லது.

ஆறாம் நாள் எதற்கு என்றால், பாதை அடைபட்டால் உதவும். இறங்கிய மறுநாள் மாலையே டேராடூனில் விமானம் என்று போட்டுவிட்டு, வழியில் ஜேசிபி மண் அள்ளி முடிப்பதற்காகச் சாலையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

3. பதிவு முதலில், மற்ற டிக்கெட் எல்லாம் பிறகு

உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம். அரசின் பதிவுத் தளத்திலோ, டூரிஸ்ட் கேர் உத்தராகண்ட் என்ற செயலியிலோ செய்யலாம். ஆதார், கைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவை தேவை. கேதார்நாத்துக்கு எந்தத் தேதி, பத்ரிநாத்துக்கு எந்தத் தேதி என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் நினைத்த தேதி பதிவில் கிடைக்காமல் போகலாம். ரயிலும் அறையும் போட்டுவிட்டுத் தேதி கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்கும். ஹெலிகாப்டர் டிக்கெட் எடுப்பதற்கும் இந்தப் பதிவு எண் கேட்பார்கள்.

குழுவாகப் போகிறவர்கள் "ஏஜென்ட் பதிவு பண்ணிட்டார்" என்ற சொல்லோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவர் பெயரிலும் க்யூஆர் கோடு உள்ள தாள் வர வேண்டும். அதில் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் பின்னால் மாறிக் கிடப்பது நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி நடப்பது. இரண்டு அச்சுப்பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெரிய பையிலும் வையுங்கள். மலையில் சார்ஜ் தீர்ந்த கைபேசியை வைத்துக்கொண்டு பதிவைக் காட்ட முடியாது.

நேரில் பதிவு செய்ய ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் கவுண்டர்கள் உண்டு. நாளுக்கு இவ்வளவு பேர் என்ற வரம்பு இருப்பதால் கடைசி வழியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் ரயில். பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும் என்பதால் பதிவுத் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சென்னையிலிருந்து டெல்லி போய் அங்கிருந்து ஹரித்வார் போவது எல்லோரும் போகும் வழி. டெல்லியில் இறங்கிய அன்றே அடுத்த ரயில் என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்; வடக்கே போகப் போக ரயில் தாமதமாகும்.

கடைசியாக, மேலே தங்க இடம். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் அறைகளும் கூடாரங்களும் கேதார்நாத்தில் உண்டு, முன்கூட்டியே பதியலாம். நடுவழியில் லிஞ்சோலியிலும் கூடாரங்கள் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் லிஞ்சோலியில் ஓர் இரவு தங்கி மறுநாள் மிச்சத்தை ஏறுவது நல்லது. உயரத்துக்கும் அது உதவும், காலுக்கும் உதவும்.

4. உடம்பு: இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடங்குங்கள்

"திருவண்ணாமலை கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறேன், இது பதினாறுதானே" என்று சொல்கிறவர்களை எப்போதும் பார்க்கிறேன். கிரிவலம் சமதரை. இங்கே பதினாறும் ஏற்றம், அதுவும் காற்று மெலிந்த இடத்தில். பழகுவதற்குப் படிக்கட்டுதான் சரி. தினமும் முக்கால் மணி நேரம் படி ஏறி இறங்குங்கள், கடைசி மூன்று வாரம் முதுகில் நான்கு கிலோ பையோடு. ஏறுவதை மட்டும் பழகிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஒருமுறை ஏறிப் பார்த்தால் உங்கள் நிலவரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அதை வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம், அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காலணியை இப்போதே வாங்கி, பழகும்போதெல்லாம் அதையே போடுங்கள். புதுக் காலணியோடு மலைக்கு வந்தவர்களுக்கு, பாதி வழிக்கு முன்னால் வரும் பீம்பலி தாண்டும் முன்னே குதிகால் கொப்புளம் வந்துவிடும். சபரிமலை, பழனிக்குப் போவதுபோல் வெறுங்காலில் ஏற நேர்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாதையில் வேண்டாம். உடைந்த கல், குதிரைச் சாணம், பனி உருகிய தண்ணீர் மூன்றும் காலடியிலேயே இருக்கும். காலில் சின்னக் காயம் பட்டாலும் அந்தக் குளிரில் ஆற நாளாகும்.

5. பை: பெரியது கீழே, சின்னது முதுகில்

பெரிய பெட்டியைக் குப்தகாசி அல்லது சீதாபூர் அறையிலேயே விட்டுவிடுங்கள். மேலே கொண்டுபோகும் பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. கீழே அரைக் கிலோ என்று தோன்றுவது லிஞ்சோலியில் வேறு கனம் கனக்கும்.

தெர்மல் ஒரு ஜோடி, ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் கம்பளிக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி காலுறை. மே மாதத்திலும் இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். ரெயின்கோட் கட்டாயம், காலையில் வெயில் அடித்தாலும் பிற்பகலில் மழை வருவது அங்கே வழக்கம். குடை வேண்டாம், காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும், எதிரே வரும் குதிரையும் அதைப் பார்த்து மிரளும்.

பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதற்குள் துணியை வையுங்கள். மேலே போட்ட உறையை மட்டும் நம்பினால் முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். ராத்திரி போர்த்துக்கொள்ள வேண்டிய ஸ்வெட்டர் நனைந்துவிட்டால் மேலே காய வைக்க வழியில்லை.

சாப்பாட்டுக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை இவற்றை மிஞ்ச ஒன்றும் கிடையாது. வழிக்கடைகளில் ஆலு பராத்தா, மேகி, டீ கிடைக்கும், ஆனால் ஏறும்போது எண்ணெய்ப் பண்டம் இறங்காது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஐந்தாறு, தினசரி போடும் மாத்திரை மூன்று நாள் கூடுதலாக, டார்ச், பவர் பேங்க். குளிரில் கைபேசி சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால் அதைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

பணத்தைக் குப்தகாசியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கைபேசியில் பணம் அனுப்புவது சிக்னல் இருந்தால்தான் நடக்கும். நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் டீக்கடை முதல் தடி வாங்குவது வரை தகராறு இல்லை.

6. ரிஷிகேஷிலிருந்து சோன்பிரயாக்

சுமார் 210 கிலோமீட்டர்தான். ஆனால் எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள். தேவப்பிரயாக், ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாக், அகஸ்தியமுனி, குப்தகாசி என்று போகும் வழி. ஸ்ரீநகருக்கும் ருத்ரப்பிரயாகுக்கும் நடுவில் சிரோபகட் என்ற இடத்தில் மண் சரிவது நெடுநாள் தொல்லை. அதைப் பகலிலேயே தாண்டிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் மலைச்சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாடகை வண்டி என்றால் அதற்கு வண்டியின் தகுதிக்கான கிரீன் கார்டும் அந்தப் பயணத்துக்கான டிரிப் கார்டும் இருக்கிறதா என்று பேரம் பேசும்போதே கேளுங்கள். அவை இல்லாத வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். வளைவில் வாந்தி வருகிறவர்கள் வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்னாலேயே மாத்திரை போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

தங்குவதற்குக் குப்தகாசியா சீதாபூரா என்றால், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதல் இரவு குப்தகாசி. அங்கே நல்ல அறையும் கடைகளும் ஏடிஎம்மும் உண்டு. ஏற்றத்துக்கு முந்தைய இரவு மட்டும் சீதாபூருக்கு மாறிக்கொள்ளுங்கள். சோன்பிரயாக் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

7. சோன்பிரயாக் வாசல்: அதிகாலை நான்கு மணி

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ சோன்பிரயாகுக்கு மேல் போகாது. அங்கே பதிவைச் சரிபார்ப்பார்கள். பிறகு கௌரிகுண்டு வரை ஐந்து கிலோமீட்டர் பங்கு ஜீப்பில்தான் போக வேண்டும். ஜீப் வரிசை விடியற்காலையிலேயே நீண்டுவிடும். ஏழு மணிக்கு வந்து நின்றால் கௌரிகுண்டில் நடக்கத் தொடங்கும்போது பத்தாகிவிடும். கடைசி மூன்று கிலோமீட்டர் இருட்டிலும் மழையிலும் முடியும்.

பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மேலே ஏற விடமாட்டார்கள். மழை பலத்தால் எந்த நேரத்திலும் நிறுத்துவார்கள். சோன்பிரயாகுக்கும் கௌரிகுண்டுக்கும் நடுவில் முன்கட்டியா பக்கம் பாறை விழும் இடம் உண்டு. போலீஸ்காரர் நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள், கெஞ்சிக் கேட்டு ஓடிப் போகாதீர்கள். ஆறாம் நாளை ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுத்தம் ஒரு பொருட்டே இல்லை.

8. நடையா, குதிரையா, டண்டியா: கௌரிகுண்டில் முடிவு செய்யுங்கள்

நடுவழியில் முடியாமல் போய்க் குதிரை தேடினால் கேட்ட விலைக்கு ஏற வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் கீழேயே ஏறிவிடுங்கள். குதிரை, கோவேறு கழுதைக்கு அரசு விலையில் முன்பணக் கவுண்டர் உண்டு. பணம் கட்டிப் பர்ச்சி என்று சொல்லும் ரசீதை வாங்குங்கள், குதிரைக்காரரின் அட்டை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நால்வர் சுமக்கும் நாற்காலிக்கு டண்டி என்று பெயர். ஒருவர் முதுகில் கூடை வைத்துச் சுமப்பது கண்டி. அதில் சின்னப் பிள்ளைகளை ஏற்றலாம்.

முதுகுவலி, இடுப்பு எலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்களைக் குதிரையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் தூக்கிப் போடும். செலவானாலும் அவர்களுக்கு டண்டிதான். குதிரை ஏற்றத்தில் போகும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறக்கத்தில் பின்னால். நொண்டும் குதிரையையும், சேணத்துக்கு அடியில் புண் உள்ள குதிரையையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாயில்லா ஜீவனை வதைத்துப் போய்ச் சேரும் தரிசனம் நமக்கு வேண்டாம், அது தடுக்கி விழுந்தால் ஏறியிருப்பவருக்கும் ஆபத்து.

குதிரை கோயில் வரை போகாது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் முன்னாலேயே பேஸ் கேம்ப் பக்கம் இறக்கிவிடுவார்கள். நடக்கிறவரும் குதிரையில் போகிறவரும் உள்ள குடும்பங்கள் பிரிந்து தவிப்பது இங்கேதான். வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எங்கே சந்திப்பது, வராவிட்டால் எத்தனை மணிவரை காத்திருப்பது என்று கௌரிகுண்டிலேயே பேசி வையுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களின் சட்டைப்பையில் தங்கும் இடத்தின் பெயரையும் உங்கள் எண்ணையும் இந்தியில் எழுதிப் போட்டு அனுப்புங்கள்.

ஹெலிகாப்டர் குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து போகிறது. டிக்கெட் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும்தான். வேறு எங்கே விற்றாலும் பணம் கட்டாதீர்கள், போலித் தளங்கள் நிறைய. மேகம் இறங்கினால் பறக்காது, அதனால் அதில் போகிறவர்களுக்கும் கூடுதல் நாள் வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அந்த உயரத்தில் இறங்குவதால் நடந்து வருகிறவர்களைவிட இவர்களுக்கே திடீர்த் தலைசுற்றல் அதிகம். இறங்கியதும் வேகமாக நடக்க வேண்டாம்.

9. ஏற்றம்

கௌரிகுண்டில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நேரம் இருந்தால் குளியுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது குளிக்கலாம். இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு தடி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தடி இறக்கத்தில்தான் முழுப் பயனைத் தரும், ஆனால் இறங்கும்போது வாங்க மேலே கடை தேட வேண்டாம்.

கௌரிகுண்டிலிருந்து ஜங்கிள் சட்டி வரை நான்கு கிலோமீட்டர். மரநிழல், அருவிச் சத்தம், உற்சாகம். எல்லோரும் வேகமாக நடப்பது இங்கேதான், பின்னால் அதற்கு வட்டி கட்டுவதும் உண்டு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இந்தப் பாதையில் மிக முக்கியமான பழக்கம் ஒன்று. குதிரை வரும் சத்தம் கேட்டால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தாக்குப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். குதிரைகள் நான்கைந்தாக வரும், பக்கவாட்டில் மூட்டை துருத்திக்கொண்டிருக்கும். பள்ளத்துப் பக்கம் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றவரை ஒரு காஸ் சிலிண்டர் மூட்டை இடித்தால் பிடிக்க ஆள் இல்லை. பாறையோடு முதுகை ஒட்டி, பையை முன்னால் திருப்பிப் பிடித்து, தடியை நேராக நிறுத்திக்கொண்டு, கடைசிக் குதிரையும் போகும்வரை நில்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கீழேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள். சாணமும் மழைநீரும் கலந்த கல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பாதையின் நடுவில் குதிரைகள் மிதித்துத் தேய்ந்த கல்லைவிட ஓரத்துச் சொரசொரப்பான கல் நல்லது.

பீம்பலி தாண்டினால் ராம்பாடா. 2013 ஜூன் 16, 17 வெள்ளத்தில் இந்த ஊரே அடித்துப் போய்விட்டது. பழைய பாதை 14 கிலோமீட்டர். இப்போது இங்கே மந்தாகினி ஆற்றைப் பாலத்தில் கடந்து எதிர்க்கரையில் ஏறுகிறோம், அதனால்தான் பதினாறு. பழைய வழிநூல்களில் உள்ள கணக்கை நம்பி நேரம் போடாதீர்கள்.

பாலம் தாண்டியதும் லிஞ்சோலி வரை உள்ள ஏற்றம்தான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பை முறிப்பது. செங்குத்தான வளைவுகள், மரமும் குறைந்துவிடும், வெயில் நேராக அடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் நின்றபடியே முப்பது மூச்சு எடுத்துவிட்டு நடங்கள். உட்கார்ந்துவிட்டால் தசை குளிர்ந்து இறுகும், எழும்போது கால் நடுங்கும். உட்காருவதை மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குத் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், குளிரில் தாகம் தெரியாது. வியர்த்திருக்கிறதே என்று ஸ்வெட்டரைக் கழற்றியபடியே நிற்காதீர்கள். நடக்கும்போது கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள்.

பாதையைவிட்டு விலகிக் குறுக்குவழியில் ஏறுகிறவர்களைப் பார்ப்பீர்கள். பின்தொடர வேண்டாம். தூரம் குறையும், ஆனால் அந்தச் செங்குத்தில் மூச்சு சிதறிவிடும். கல் பெயர்ந்தால் கீழே வருகிறவர் தலையில் விழும்.

லிஞ்சோலிக்கு மேல் சரிவு குறைந்தும் கூடியும் போகும். பேஸ் கேம்ப் வந்ததும் தரை சமமாகும். கோபுரம் கண்ணில் பட்டதும் ஓட்டமாக ஓடாதீர்கள். இந்தக் கடைசிச் சமதரையில் வேகம் கூட்டித்தான் பலர் வாந்தி எடுக்கிறார்கள். நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு மொத்தம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், மற்றவர்களுக்குப் பத்து வரை.

10. தலைவலி வந்தால்

மேலே போனதும் லேசான தலைவலியும் பசியின்மையும் பலருக்கு வரும். அதைச் சோர்வு என்று ஒதுக்காதீர்கள். சூடாகத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, மேற்கொண்டு ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் அடங்கும். மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடவே கூடாது.

தலைவலி மாத்திரைக்கும் அடங்காமல் வாந்தி வந்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், பேச்சு குழறினால் உடனே கீழே இறக்க வேண்டும். ஒரு சோதனை: ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காத்திருக்க வேண்டாம், தரிசனம் ஆகவில்லையே என்றும் பார்க்க வேண்டாம். வழியெங்கும் மருத்துவ உதவி மையங்கள் உண்டு, பக்கத்தில் இருப்பதற்குக் கூட்டிப் போங்கள். வழிக்கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடம் தெம்பு தரும், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுவது மிகத் தவறு.

பெரியவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். "ஒண்ணுமில்லப்பா, நீங்க போங்க" என்பார்கள். அம்மா சாப்பிட்டாரா, பேச்சைக் குறைத்துக்கொண்டாரா என்று நீங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

11. தரிசனம்

மாலை சேர்ந்தவுடன் முதலில் அறை, உலர்ந்த துணி, சூடான சாப்பாடு. மாலையில் அலங்கார தரிசனம், ஆரத்தி நடக்கும். அப்போது கருவறைக்குள் விடமாட்டார்கள், தள்ளி நின்று பார்க்கலாம். உடம்பு ஒத்துழைத்தால் போங்கள்.

காலை தரிசனம் வேறு. கூட்டம் அனுமதித்தால் கருவறைக்குள் போய் லிங்கத்தைத் தொட்டு வணங்கலாம், நெய்யைக் கையால் பூசலாம். நெய் கோயில் பக்கத்திலேயே கிடைக்கும், குளிரில் உறைந்திருக்கும், உள்ளங்கையில் தேய்த்து இளக்கிக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கே வரிசைக்கு வந்துவிடுங்கள். காத்திருக்கும் இடம் திறந்தவெளி என்பதால் இருக்கும் கம்பளி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கல் தரையில் வெறும் காலோடு நிற்க முடியாது. தடித்த காலுறை ஒன்றைக் கோயிலுக்கென்றே தனியாக வைத்திருங்கள். பிற்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில் திறப்பார்கள் என்பதால், தாமதமாக வந்தால் அன்று இறங்குவது கெட்டுவிடும்.

சிறப்புப் பூஜைகள் நள்ளிரவுக்குப் பிறகு விடியுமுன் நடக்கும். பத்ரி கேதார் கோயில் கமிட்டியின் தளத்தில் முன்பதிவு செய்யலாம். வழியில் யாராவது "சீக்கிரம் உள்ளே அனுப்புகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோயிலுக்குள் கைபேசியை எடுக்க விடமாட்டார்கள். பாடல் பெற்ற தலம் என்பதால் நம்மவர்கள் திருக்கேதாரப் பதிகம் பாட விரும்புவார்கள். அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே நிற்கக் கிடைப்பது சில நொடிகள். அதனால் வெளியே நந்திக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாடிவிட்டு வாருங்கள்.

கோயிலுக்குப் பின்னால் பீமசிலை இருக்கிறது. 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து நின்று, தண்ணீரை இருபுறமும் பிரித்துவிட்ட பாறை. அதைப் பார்த்துவிட்டு, மூச்சு சரியாக இருந்தால் மட்டும் பைரவர் கோயில் மேட்டுக்கு ஏறுங்கள்.

12. இறக்கம்

எட்டு, ஒன்பது மணிக்குள் கிளம்பினால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் கௌரிகுண்ட். கால் நகத்தை முந்தின இரவே வெட்டுங்கள், காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப் போகும். சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கி இறங்குங்கள். தடியை உங்களுக்கு முன்னால் ஊன்றிவிட்டுக் காலை வையுங்கள்.

நடந்து ஏறிவிட்டு இறக்கத்துக்கு மட்டும் குதிரை பிடிக்கிறவர்கள் உண்டு. முதல்முறை குதிரை ஏறுகிறவருக்கு இறக்கம் இன்னும் பயமாக இருக்கும். முடிந்தவரை நடந்தே இறங்குங்கள்.

கௌரிகுண்டில் மாலையில் திரும்பும் ஜீப்புக்கும் வரிசை உண்டு. பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். அன்றே ரிஷிகேஷ் கிளம்பச் சொல்லும் ஓட்டுநரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவரும் அதிகாலையிலிருந்து தூங்காமல் இருந்திருப்பார்.

13. அங்கிருந்து பத்ரிநாத் போகிறவர்களுக்கு

ருத்ரப்பிரயாக் வரை திரும்பிப் போகாமல், ஊக்கிமட், சோப்தா, கோபேஸ்வர் வழியாகச் சமோலியில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். காட்டு வழி, சாலை குறுகல், பகலில் மட்டும் போங்கள். ஊக்கிமட்டில் நிறுத்தி ஓம்காரேஸ்வர் கோயிலைப் பார்த்துவிடுங்கள்; பனிக்காலம் ஆறு மாதமும் கேதாரநாதருக்குப் பூஜை நடப்பது அங்கேதான். பத்ரிநாத்துக்குப் பதிவில் குறித்த தேதி, இறங்கிய நாளுக்கு இரண்டு நாளாவது தள்ளி இருக்கட்டும். சோப்தாவிலிருந்து துங்கநாத்துக்கு நடக்கலாமே என்று யாராவது குழுவில் சொல்வார்கள். அதுவும் 3,600 மீட்டருக்கு மேல். முட்டி வீங்கியிருப்பவர்களை அடிவாரத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, முடிந்தவர்கள் மட்டும் ஏறுங்கள்.